வேலையை விடும் முன் எங்களைக் கேளுங்கள்

கடுமையான நோய் ஒன்று உறுதி செய்யப்படும் நாளில் நோயாளரும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உடலைப் பற்றியவையாகவே இருக்கின்றன. குணமாகுமா, எத்தனை மாதம் ஆகும், உணவில் எதை விலக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது; சில வேளைகளில் எழுந்து கதவருகே சென்ற பிறகு, தயக்கத்தோடு. பல குடும்பங்களில் அக்கேள்வி கேட்கப்படுவதே இல்லை. அடுத்த முறை வரும்போது, “வேலையை விட்டுவிட்டேன் டாக்டர்” என்னும் முடிந்துபோன செய்தியாகவே அது எங்களை வந்தடைகிறது.

அந்த முடிவு பல நேரங்களில் அவசரப்பட்டு எடுக்கப்பட்டது என்பதே எங்கள் கருத்து. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் எதுவாயினும், நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டிய மருத்துவக் காரணம் அரிதாகவே இருக்கும். முதலாளியின் முகம் வாடுமே என்ற கூச்சமும், நான்கு பேர் அறிந்துவிடுவார்களே என்ற அச்சமும், இனி எதற்கும் பயன்பட மாட்டோம் என்ற மனச்சோர்வும் சேர்ந்தே அக்கடிதத்தை எழுத வைக்கின்றன. கடிதம் கொடுத்த பின் சட்டம் தரும் பாதுகாப்புகளில் பெரும்பகுதி கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே வருமானத்தைக் காப்பது சிகிச்சைக்குப் புறம்பான விவகாரம் அன்று, சிகிச்சையின் ஓர் உறுப்பே என்று வற்புறுத்த விரும்புகிறோம். கூலி நின்ற வீட்டில் மருந்தும் நெடுநாள் தொடர்வதில்லை. முதலில் பேருந்துக் கட்டணத்திற்குத் தட்டுப்பாடு வரும். பிறகு மறுபரிசோதனை தள்ளிப்போகும். அதன் பிறகு நோயாளரே வருவதில்லை.

மருத்துவச் செலவைப் பொறுத்தவரை நம் மாநிலம் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அத்திட்டத்தால் பிழைத்தவர்கள் எங்கள் வார்டுகளில் நாள்தோறும் நடமாடுகிறார்கள். ஆனால் அந்த அட்டை மருத்துவமனைக்குத்தான் பணம் தரும். நோயாளர் படுத்திருக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு எரிய அதில் வழியில்லை. வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் ஆகியவை வழக்கம்போல் மாதப் பிறப்பில் வந்து நிற்கும்.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் தென்னிந்திய நோயாளர்களிடையே அளந்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காசநோயாளர் ஒருவர் சராசரியாக 83 வேலை நாட்களை இழந்திருந்தார். மருந்து, பரிசோதனை, பயணம் என நேரடியாகச் செலவானதைவிட, வேலைக்குச் செல்லாததால் இழந்த தொகையே பெரிதாக இருந்தது. அக்குடும்பங்களில் பள்ளி சென்ற பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினர். மேலும் 8 விழுக்காட்டினர் வீட்டைத் தாங்க வேலைக்குப் போயினர். காசநோய்க்கு மாத்திரை இலவசம் என்பதை நினைவிற்கொண்டு இக்கணக்கைப் படித்தால் அதன் கனம் விளங்கும். இன்று அரசு காசநோயாளருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. அத்தொகை சத்துணவுக்கானது. இழந்த கூலிக்கு அது ஈடாகாது.

சிகிச்சையை நோயாளரின் பிழைப்போடு பொருத்திச் செய்வது மருத்துவத் தரத்தைக் குறைக்கும் சமரசம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் காசநோய் என்றால் சானடோரியம் என்றே பொருள். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்திலும் பின்னர் தாம்பரத்திலும் அவ்வகை நிலையங்கள் எழுந்தன. திருத்தணி அக்காலத்தில் ஆரோக்கியவரம் இருந்த சித்தூர் மாவட்டத்தையே சேர்ந்தது. நல்ல காற்று, நிறைந்த உணவு, மாதக்கணக்கில் முழு ஓய்வு என்பதே வைத்தியம். கூலி வேலை செய்பவனுக்கு அது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழப்பதாகும். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நகரின் ஏழை நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு காலம் அளித்தனர். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு; வீடுகளோ நெருக்கடியானவை. அப்படியிருந்தும் குணமடைந்தோர் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. உடனிருந்த குடும்பத்தாருக்கு நோய் பரவும் ஆபத்தும் வீட்டுச் சிகிச்சையால் கூடவில்லை என்பது தொடர்ந்த கண்காணிப்பில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அம்முடிவு ஒரு முக்கியக் காரணம். நோயாளரை அவர் வாழும் இடத்திலும் பிழைக்கும் இடத்திலும் வைத்தே குணப்படுத்தலாம் என்பது இரக்கத்தால் சொன்ன சொல் அன்று. அளந்து மெய்ப்பித்த உண்மை.

எனவே எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்: எங்கே வேலை, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், இரவு ஷிப்ட் உண்டா, பாரம் தூக்க வேண்டுமா, உலைச் சூட்டில் நிற்க வேண்டுமா, மாதச் சம்பளமா, நாள் கூலியா, பீஸ் கணக்கா. இவற்றைத் தெரிந்துகொண்டால் சிகிச்சையின் நாட்களை நாங்கள் ஓரளவு நகர்த்த முடியும். டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அதைக் குறைக்க இயலாது. ஆனால் அது காலையிலா மாலையிலா என்பதில் பேசிப் பார்க்க இடம் உண்டு. வயிற்றிலேயே திரவத்தை ஏற்றி வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறை சிலருக்குப் பொருந்தும். பொருந்துமானால் அது வேலையைக் காப்பாற்றும். மூன்று வாரத்திற்கு ஒருமுறை அளிக்கும் கீமோதெரபியை வார இறுதியை ஒட்டி அமைத்தால், சோர்வு மிகுந்த முதல் நாட்கள் விடுமுறையில் கழியும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் என்று பல வாரங்கள் சென்னைக்கோ வேலூருக்கோ செல்ல வேண்டியிருக்கும். அங்கே நகர்த்த இடம் குறைவு. விடுப்பைச் சேமித்து அவ்வாரங்களுக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வூருக்கென்று ஒரு நாட்காட்டியும் உண்டு. மலையடிவாரத்தில் பூ, தேங்காய், பொரி, பொம்மை விற்போரும், முடி இறக்குவோரும், ஆட்டோ ஓட்டுவோரும் ஆடிக் கிருத்திகையை நம்பியே ஆண்டைக் கழிக்கிறார்கள். டிசம்பர் 31ஆம் நாளின் படித் திருவிழாவும் அப்படியே. அந்நாட்களில் படுத்திருக்கச் சொன்னால் அவர்கள் படுத்திருக்கப் போவதில்லை. சொல்லாமல் எழுந்து போவார்கள். முன்கூட்டியே சொன்னால் குடலிறக்கம் போன்ற அவசரமற்ற அறுவை சிகிச்சையைக் கிருத்திகைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலியையும் பரவும் கட்டியையும் அவ்வாறு தள்ளிவைக்க முடியாது. எதைத் தள்ளலாம், எதைத் தள்ளலாகாது என்று பிரித்துச் சொல்வது எங்கள் வேலை. அதற்கு உங்கள் நாட்காட்டி எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். திருவள்ளூர், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளில் நம் வட்டாரத்து இளைஞர்கள் ஏராளம். அவர்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்கள் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளரும் இதில் அடக்கம். சம்பளத்திலிருந்து 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். பெரும்பாலோர் இதை “மருந்துக்குப் பிடிக்கும் பணம்” என்று மட்டுமே எண்ணுகிறார்கள். உண்மையில் இது நோய்க்காலச் சம்பளத்திற்கான பணமும் ஆகும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது பணம் செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்பெறும் காலத்தில் சராசரி நாட்கூலியின் 70 விழுக்காடு நோய்ப்படியாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி என்று தனியே ஒன்று உண்டு. அதன் அளவு 80 விழுக்காடு. இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்க வழி உள்ளது. நாளொன்றுக்கு 600 ரூபாய் சராசரியாகப் பெற்றவருக்கு முன்னதில் 420 ரூபாயும் பின்னதில் 480 ரூபாயும் ஆகிறது. பெரிய தொகை அன்று. ஆனால் வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் இருக்க அது போதும்.

நீட்டிக்கப்பட்ட நோய்ப்படியைப் பெறுவதற்கு இரண்டு ஆண்டுத் தொடர்ந்த பணியும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். இங்கேதான் ராஜினாமாக் கடிதமும், ஆறு மாதத்திற்கு ஒரு கான்ட்ராக்டர் என்று பெயர் மாறிக்கொண்டே இருப்பதும் கேடு செய்கின்றன. கான்ட்ராக்டர் மாறினாலும் உங்கள் காப்பீட்டு எண் மாறக் கூடாது. புதிய எண் கொடுத்தால் பழைய எண்ணைக் காட்டிக் கேளுங்கள். இன்னொன்று: நோய்ப்படிக்கான சான்று ஈ.எஸ்.ஐ. மருத்துவர் வழியாகவே செல்ல வேண்டும். எங்களைப் போன்ற வெளி மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலும், சேர்ந்த உடனே உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திற்கு யாரையேனும் ஒரு முறை அனுப்பித் தகவல் கொடுங்கள். வீடு திரும்பிய பின் ஒரு கட்டுத் தாள்களோடு போய் நின்றால் அலைச்சல் மிகும்.

ஈ.எஸ்.ஐ.க்கு அடித்தளமான 1948ஆம் ஆண்டுச் சட்டம், நோய்ப்படி பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று தன் 73ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. அதை இயற்றியவர்கள் படியையும் வேலையையும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாச் சட்டங்களும் அவ்வளவு தாராளம் காட்டியதாகச் சொல்ல மாட்டோம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை விடுவிப்பதை ஆட்குறைப்பு என்னும் வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் அங்கே வாராது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1982இல் வகுத்த ஓர் உடன்படிக்கை, நோயால் தற்காலிகமாக வராதிருப்பது வேலைநீக்கத்திற்குத் தக்க காரணம் ஆகாது என்கிறது. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. ஜெர்மனியில் முதல் ஆறு வாரம் முதலாளியே முழுச் சம்பளம் தருகிறார். அதன் பின் நோய்க் காப்பீட்டு நிதி 70 விழுக்காடு தருகிறது. அந்நிலைக்கு நாம் வர நாளாகும். கையில் உள்ளதையாவது தவறவிடாமல் இருப்போம்.

அரசுப் பணியிலும் அரசு நிறுவனங்களிலும் இருப்பவர்களின் நிலை மேலானது. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள், அறியாதது வேறொன்று. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகிவிட்ட ஊழியரை நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது, அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இப்பாதுகாப்பு இருந்தது. நிறக்குருடு என்று கண்டறியப்பட்டு வேலை இழந்த மதுரை அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், அவருக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியதும் அந்தப் பழைய சட்டத்தை வைத்தே. பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர், நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர், பார்வை மங்கியவர், பார்க்கின்சன் நோய் கண்டவர் ஆகியோர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் மாற்றுத்திறனாளி சான்று பெறத் தகுதி உண்டா என்று எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைத்தெருவில் துணிக்கடை, ஓட்டல், மளிகைக் கடை ஆகியவற்றில் வேலை செய்வோருக்கும் ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி நோய்க்காக மட்டும் ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி அனுப்பிவிடவும் முடியாது. சட்டத்தைச் சுட்டி முதலாளியோடு வழக்காடச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக ஒரே கல்லாவில் நிற்பவருக்குப் பன்னிரண்டு நாள் சம்பளம் தருவது தருமம் அன்று, கடமை என்பதை இருவரும் அறிந்திருந்தால் பேச்சு எளிதாகும்.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது இவை எதிலும் அடங்காத பெருங்கூட்டம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பகுதி விசைத்தறிகளில் வேலை செய்வோருக்கு ஓடிய மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. அதன் மேல் தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் வேறு நிலுவையில் நிற்கும். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் அதே கதை. இவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது குறைவுதான், ஆயினும் சொல்கிறோம். தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவைப் புதுப்பித்து வையுங்கள். நோய் நாட்களின் கூலியை வாரியம் தராது, ஆனால் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் பிற்கால ஓய்வூதியமும் அதன் வழியே வரும். தறி உரிமையாளரிடம் குடும்பத்தார் நேரில் சென்று பேசுங்கள். மாரடைப்புக்குப் பின் இரண்டு தறிகளை ஓட்ட முடியாதவர் சில மாதங்கள் தார் சுற்றும் வேலையைச் செய்ய முடியும். அவ்வாறு இடம் கொடுக்கும் உரிமையாளர்கள் இங்கே இருக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தந்தால் மறுக்காதவர்கள் அவர்களுள் பலர்.

ஆந்திர எல்லை நமக்குக் கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது வரைந்த கோடு, உறவையும் சந்தையையும் பிரிக்கவில்லை. குடும்ப அட்டையைப் பிரித்துவிட்டது. நகரியிலும் புத்தூரிலும் இருந்து எங்களிடம் வருவோருக்குத் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை கிடையாது. அவர்கள் தம் மாநிலத் திட்டத்தில் வழி உண்டா என்று சேரும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கோட்டுக்கு அப்பாலிருந்து நாம் கற்க ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பரில் ஆந்திர அரசு ‘ஆரோக்கிய ஆசரா’ என்னும் உதவியைத் தொடங்கியது. அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு, மருத்துவர் ஓய்வு சொன்ன நாட்களுக்கு, நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்திற்கு 5,000 ரூபாய் வரை என்று அது வகுக்கப்பட்டது. நோயின் செலவில் இழந்த கூலியும் ஒரு பகுதி என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதே எங்களுக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக்கு இக்கருத்து புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம், பேறுகாலத்தில் ஏழைத் தாய் கூலி இழக்கிறாள் என்பதை ஏற்று 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்திற்கு நிவாரணத் தொகை தரப்படுகிறது. அந்த அம்மையார் தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெறும் விசைத்தறித் தொழிலாளிக்கு மட்டும் கூலி இழப்பு இல்லையா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் வழியாகவே, மருத்துவர் குறிக்கும் ஓய்வு நாட்களுக்கு ஒரு நாட்படியைச் சேர்த்துத் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பாதியில் நின்ற சிகிச்சையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு ஆகும் செலவோடு அப்படியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மருத்துவச் சான்றிதழைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும். “இவருக்கு ஓய்வு தேவை” என்று ஒற்றை வரியில் எழுதிய சான்று எவருக்கும் உதவாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்த நாட்கள் சிகிச்சைக்கு வர வேண்டும், எவ்வகை வேலை கூடாது, எவ்வகை வேலை செய்யலாம், அடுத்த பரிசோதனை எப்போது என்பன அதில் இருக்க வேண்டும். கேட்டால் எழுதித் தருவோம். கேட்பது உங்கள் உரிமை. நோயின் பெயரைக் குறிப்பிட வேண்டுமா என்பதை நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள். விடுப்புக்கான கடிதத்தில் பல வேளைகளில் அது தேவைப்படாது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரை அக்காரணத்தால் வேலையிலிருந்து நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். சான்றைக் கொடுத்த பின் நகலையும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஓர் அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலோ, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலோ போதும். பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில், அனுமதித்த விடுப்பு முடிந்து எட்டு நாட்களுக்குள் வரவும் இல்லை, காரணம் தெரிவிக்கவும் இல்லை என்றால் பணியுரிமை போய்விடும் என்று உள்ளது. நோயால் வேலை போனது என்று நாம் சொல்வது, உண்மையில் அந்த எட்டு நாள் மௌனத்தால் போனதாகச் சில வேளைகளில் இருக்கும்.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து சிகிச்சைக்காக முன்பணம் எடுக்கலாம். அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. முதுமைக்கான சேமிப்பு ஆயிற்றே என்று யோசிப்பது சரியே. ஆனால் அதைத் தொடாமல் நகையை அடகு வைத்து, அடகு முழுகி, பின் தண்டல்காரரிடம் போவது அதனினும் கேடு. முழுக் கணக்கையும் முடித்து எடுப்பதற்காகவே வேலையை விடுவோர் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

உடனிருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் படுத்தால் பார்த்துக்கொள்ள யார் வேலையை விடுவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் அது கேள்வியாகவே எழுவதில்லை. மகளோ மருமகளோ விட்டுவிடுகிறார். “அவள் சம்பளம் என்ன பெரிய சம்பளம்” என்பது வழக்கமான பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால், குடும்பத்தலைவரின் கூலி நின்ற அந்த மாதங்களில் அப்பெண்ணின் ஏற்றுமதிக் கம்பெனிச் சம்பளம்தான் வீட்டின் ஒரே நிலையான வருமானமாக இருக்கும். அவருக்கும் ஈ.எஸ்.ஐ., வைப்பு நிதி, பணி மூப்பு எல்லாம் உண்டு. அண்ணன் தம்பிகள், பக்கத்து வீட்டார், ஓய்வுபெற்ற பெரியவர்கள் எனப் பலர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்த நாட்களில் கட்டாயம் ஒருவர் உடனிருக்க வேண்டும், எந்த நாட்களில் நோயாளர் தனியே வரலாம் என்று எங்கள் செவிலியர்களைக் கேளுங்கள். தனியே வரக்கூடிய நாட்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். படிக்கும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மருத்துவமனையில் அமர்த்துவதைக் கண்டால், எங்கள் மருத்துவ சமூகப் பணியாளர் உங்களிடம் வந்து பேசுவார். அதைக் குறுக்கீடு என்று எண்ண வேண்டா.

வேலைக்குத் திரும்பும் நாளையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முழுமையாகத் தேறிய பிறகே போவேன் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதும், தையல் பிரித்த மறுநாளே மூட்டை தூக்கப் போவதும் ஆகாதவை. மருந்துக்கு அடங்கும் காசநோயில், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் சளிப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பலரைப் பணிக்கு அனுப்பலாம். ஆறு மாத மருந்தை முடிக்கும் வரை வீட்டில் அடைந்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் இல்லாத மாரடைப்புக்குப் பின்னும் பலர் சில வாரங்களில் இலகுவான வேலைக்குத் திரும்ப முடியும். முதல் இரு வாரம் அரை நாள், பிறகு முழு நாள், இரவு ஷிப்ட் மட்டும் மூன்று மாதத்திற்கு விலக்கு என்று படிப்படியாகத் தகுதிச் சான்று எழுதித் தரலாம். அடுத்த முறை வரும்போது சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், எஞ்சியுள்ள விடுப்பு நாட்களின் கணக்கு, முதலாளி கொடுத்த கடிதம் ஏதேனும் இருந்தால் அதுவும் ஆகியவற்றை மருந்துச் சீட்டோடு சேர்த்து எடுத்து வாருங்கள். எழுதி வைத்த ராஜினாமாக் கடிதம் பையில் இருந்தால், கொடுக்கும் முன் அதையும் காட்டுங்கள்.